தட்டைக்கணினி எப்படி இரண்டாவது திரை ஆகிறது?

மாணவர்களே, படிவம் நான்கிலும் ஐந்திலும் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். மடிக்கணினியில் அறிவியல் அறிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆசிரியர் அனுப்பிய குறிப்பு இன்னொரு சாளரத்தில் இருக்கிறது. நான்கு வரி எழுதுவதற்குள் பத்து முறை இங்கும் அங்கும் தாவ வேண்டியிருக்கிறது. சிறிய திரையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலோ எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. இன்னொரு திரை இருந்தால் எவ்வளவு வசதி என்று தோன்றும். கடைக்குப் போய் விலை கேட்டால் சில நூறு வெள்ளி என்பார்கள். அந்த ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

அதே வீட்டில் ஏதோ ஓர் இழுப்பறையில் பழைய தட்டைக்கணினி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கக்கூடும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இணைய வகுப்புக்காக அவசரமாக வாங்கியதாக இருக்கலாம். அல்லது அக்காள் புதியது வாங்கியதும் ஒதுக்கி வைத்ததாக இருக்கலாம். அதைக் கணினியின் இரண்டாவது திரையாக மாற்ற முடியும். அதற்கான வழிகளில் சில இலவசமானவை.

ஆனால், முயன்று பார்க்கும் மாணவர்களில் பலர் இரண்டு நாளில் கைவிட்டுவிடுகிறார்கள். "சார், திணறுது சார். மவுசை நகர்த்தினா அம்புக்குறி பின்னாலேயே இழுத்துக்கிட்டு வருது" என்பதுதான் நான் கேட்கும் புகார். தட்டைக்கணினி பழையது என்று பழியை அதன் மேல் போட்டுவிட்டு மறுபடி இழுப்பறையில் வைத்துவிடுகிறார்கள். பல வேளைகளில் குற்றம் அதனுடையது அல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே திணறுகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அந்தத் திணறலை அளந்தும் பார்க்கலாம்.

கேபிளைச் செருகினால் போதாதா?

முதலில் எல்லாருக்கும் வரும் கேள்வி இது. மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைக்கிறோமே, தட்டைக்கணினியோடும் அப்படியே இணைத்தால் என்ன?

தட்டைக்கணினியின் துளை படத்தை வெளியே அனுப்பும், இல்லாவிட்டால் மின்னூட்டத்தையும் கோப்புகளையும் வாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் திரைச் சைகையை வாங்கிக் காட்டும் வழி அதற்குள் பெரும்பாலும் இருக்காது. லெனோவோ நிறுவனத்தின் 'யோகா டேப் 13' போன்ற மிகச் சிலவற்றில் மட்டும் எச்.டி.எம்.ஐ. உள்வாங்கும் துளை உண்டு. மற்றவற்றில் கேபிள் சரியாகப் பொருந்தினாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உண்மையான திரை ஒன்றைச் செருகியதும் அது கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். தன் பெயர், எத்தனை புள்ளிகள், விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்ற விவரங்களை ஒரு சிறிய அட்டவணையாகக் கொடுக்கும். அதைப் படித்த பிறகுதான் கணினி அந்தத் திரைக்கென்று தனிப் படம் வரையத் தொடங்கும். இந்த அறிமுகம் நடக்காவிட்டால், கணினியைப் பொறுத்தவரை அங்கே திரையே இல்லை.

ஆகவே, தட்டைக்கணினியை இரண்டாவது திரையாக்கும் ஒவ்வொரு செயலியும் முதலில் ஒரு பொய் சொல்கிறது. இல்லாத ஒரு திரை செருகப்பட்டிருப்பதாகக் கணினியை நம்பவைக்கிறது. கணினியும் நம்பி, அந்தக் கற்பனைத் திரைக்கான படத்தைத் தன் நினைவகத்தில் வரைந்து வைக்கிறது. செயலி அந்தப் படத்தை எடுத்துத் தட்டைக்கணினிக்கு அனுப்பி வைக்கிறது.

இந்தப் பொய்க்குச் சுவையான வரலாறு உண்டு. முதல் ஐபேட் 2010-இல் வந்தது. 'ஏர் டிஸ்ப்ளே' என்ற செயலி அதே ஆண்டிலேயே அதை இரண்டாவது திரையாக்கியது. 2014-இன் இறுதியில், ஆப்பிளில் முன்பு பணியாற்றிய பொறியாளர்கள் 'டூயட் டிஸ்ப்ளே' என்ற செயலியை வெளியிட்டார்கள். வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் வழியாக அது படத்தை அனுப்பியதால் வேகம் கூடியது. 2018-இல் மேக் கணினிகளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பு இத்தகைய செயலிகள் பலவற்றைச் செயலிழக்கச் செய்துவிட்டது. மென்பொருளின் பொய்யைக் கணினி நம்ப மறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'லூனா டிஸ்ப்ளே' வேறு வழியில் போயிற்று. விரல் நுனி அளவுள்ள ஒரு சிவப்புச் செருகியைக் கணினியின் துளையில் குத்தினால் போதும், அங்கே உண்மையான திரை இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். மறு ஆண்டே, அதாவது 2019-இல், ஆப்பிள் 'சைட்கார்' என்ற பெயரில் இதே வசதியைத் தன் கணினிகளுக்குள் இலவசமாக வைத்துவிட்டது. மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய பொருள் ஒரே நாளில் இலவச வசதியாகிவிட்டது. கணினித் துறையில் தொழில் தொடங்க நினைப்பவர்கள் இந்தக் கதையைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

விநாடிக்கு 300 கோடி

பொய் சொல்லியாயிற்று, கணினியும் படத்தை வரைந்துவிட்டது. இனி அதை அனுப்ப வேண்டும். கணிப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதானதுதான்.

சாதாரண முழு எச்.டி. திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 2,073,600. ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட், ஆகப் புள்ளி ஒன்றுக்கு 24 பிட். ஒரே ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 5 கோடி பிட். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. 5 கோடியை 60-ஆல் பெருக்கினால் 300 கோடி பிட். இவ்வளவும் ஒரு விநாடிக்கு மட்டும்.

இது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். பழைய தட்டைக்கணினிகளில் பலவற்றில் உள்ள யூ.எஸ்.பி. 2.0 துளையின் உச்ச வேகம் விநாடிக்கு 48 கோடி பிட். நாம் அனுப்ப வேண்டியது அதைப்போல் ஆறு மடங்கு. 64 ஜிகாபைட் கொள்ளளவுள்ள தட்டைக்கணினியில் இந்தப் படங்களை அப்படியே கொட்டினால் மூன்று நிமிடத்துக்குள் அது நிரம்பி வழிந்துவிடும். வீட்டு வைஃபையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் எப்படித்தான் வேலை செய்கிறது? படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். கேட்டதும் "அவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் அந்தச் சுருக்கலில்தான் இந்த விஷயத்தின் முழு அறிவியலும் இருக்கிறது.

எளிமையாக இருந்ததால் மறுக்கப்பட்ட யோசனை

ஒரு படத்தை 8 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் உள்ள சிறு கட்டங்களாக வெட்டுங்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள் இருக்கும். அந்தக் கட்டம் நீல வானத்தின் ஒரு பகுதி என்றால் 64 புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நிறம்தான். 64 எண்களைத் தனித்தனியே அனுப்புவது வீண். "சராசரி இவ்வளவு, இடமிருந்து வலமாக மெல்ல மங்குகிறது" என்று இரண்டு மூன்று எண்களில் சொல்லிவிட்டால் போதும்.

இதைக் கணித முறையில் செய்வதற்கு அலைகள் உதவுகின்றன. கணிதப் பாடத்தில் கொசைன் வளைவு வரைந்திருப்பீர்கள். மெதுவாக ஏறி இறங்கும் கொசைன் அலை, சற்று வேகமான அலை, மிக வேகமான அலை என்று பலவற்றைச் சரியான அளவில் கலந்தால் எந்தக் கட்டத்தையும் திரும்ப உருவாக்கிவிடலாம். பெரும்பாலான படங்களில் மெதுவான அலைகளுக்குத்தான் பங்கு அதிகம். வேகமான அலைகளின் பங்கு மிகச் சிறியது. அதில் கொஞ்சத்தைத் தூக்கி எறிந்தாலும் கண் கண்டுபிடிக்காது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1972-இல் இதை ஆராய அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நிதி இல்லாமலேயே வேலையைத் தொடர்ந்தார். தம்மிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த நடராஜன், டெக்சஸில் இருந்த கே. ஆர். ராவ் ஆகிய இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அந்த எளிய யோசனைதான் இன்று உங்கள் கைப்பேசி எடுக்கும் ஜே.பெக். படங்களுக்குள் இருக்கிறது. 2003-இல் வந்த எச்.264 என்ற காணொளி முறையும் இதே வழியைச் சற்று மாற்றிப் பயன்படுத்துகிறது. இரண்டாவது திரைச் செயலிகள் பலவும் எச்.264-ஐயோ அதன் வாரிசுகளையோதான் நம்பியிருக்கின்றன.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எழுத்தின் ஓரம் என்பது வெள்ளையிலிருந்து கறுப்புக்குத் திடீரென்று தாவும் இடம். அதைச் சொல்ல வேகமான அலைகள் வேண்டும். அவற்றைத்தான் செயலி தூக்கி எறிகிறது. அதனால்தான் தட்டைக்கணினியில் புகைப்படம் அழகாகத் தெரியும்போதே சிறிய எழுத்தைச் சுற்றி மட்டும் தூசு படிந்தாற்போல் இருக்கும். நிறத்துக்கு இன்னும் அநியாயம் நடக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிற விவரத்தை அனுப்புவது வழக்கம். நீலப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்தை எழுதி இரண்டாவது திரைக்கு இழுத்துப் பாருங்கள். மடிக்கணினியில் தெளிவாக இருந்த எழுத்து அங்கே கரைந்து தெரிந்தால் உங்கள் செயலி இந்த வேலையைச் செய்கிறது என்று பொருள்.

காத்திருக்க முடியாத காணொளி

கட்டங்களைச் சுருக்குவது பாதி வேலைதான். மீதியை நேரத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, அடுத்து வரும் படங்களுக்கு "முன்பு இருந்ததில் எது மாறியது" என்பதை மட்டும் அனுப்புகிறார்கள். அசையாத ஒரு பி.டி.எஃப். பக்கம் திறந்திருந்தால் அனுப்ப வேண்டியது ஒன்றுமே இல்லை. பக்கத்தை உருட்டினால் "எல்லாம் இவ்வளவு மேலே நகர்ந்தது" என்று சொன்னால் ஓரளவு சமாளித்துவிடலாம். கேம் ஓடினால் ஒவ்வொரு புள்ளியும் மாறும். அப்போதுதான் மூச்சுத் திணறுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இதே தட்டைக்கணினி, இதே வைஃபையில், யூடியூப் காணொளியைச் சிக்கலில்லாமல் காட்டுகிறதே! அதுவும் எச்.264 போன்ற முறைதானே?

யூடியூப் காத்திருக்கலாம். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிக்குப் பிறகு வரப்போகும் பல விநாடிகளை அது முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் வைஃபை அரை விநாடி தடுமாறினாலும் சேமிப்பிலிருந்து எடுத்து ஓட்டிவிடும். இன்னொரு தந்திரமும் அதற்கு உண்டு. ஒரு படத்தைச் சுருக்கும்போது அதற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒப்பிட்டு மேலும் சுருக்கலாம். காணொளி முழுதும் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால் 'பிந்திய படம்' கையில் இருக்கிறது.

இரண்டாவது திரைக்கு அந்த வசதி இல்லை. அடுத்த நொடி நீங்கள் மவுசை எந்தப் பக்கம் நகர்த்துவீர்கள் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? எதிர்காலப் படம் என்று ஒன்று கிடையாது. சேமித்து வைக்கவும் ஒன்றுமில்லை. படம் பிறந்த கணமே சுருக்கி, அனுப்பி, விரித்து, காட்டிவிட வேண்டும். 60 படங்களுக்கு ஒரு விநாடி என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கவும் நேரம் இருக்காது. சில வேளை திரையில் கட்டம் கட்டமாக நிறங்கள் இழுபட்டுத் தெரியுமே, அது அப்படித் தொலைந்த துண்டின் அடையாளம்தான்.

தாமதம் கையில் எப்படித் தெரியும் என்று கணக்கிடலாம். அம்புக்குறியை விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் நகர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாமதம் 50 மில்லிவிநாடி என்றால் அம்புக்குறி 1 செ.மீ. பின்தங்கும். 100 மில்லிவிநாடி என்றால் 2 செ.மீ. வாசிக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. பேனாவால் வரையும்போது எரிச்சலாக இருக்கும். ஆப்பிள் தன் பேனாவின் தாமதத்தை 2019-இல் 20 மில்லிவிநாடியிலிருந்து 9-ஆகக் குறைத்ததைப் பெரிய செய்தியாக அறிவித்ததன் காரணம் இப்போது புரியும்.

வைஃபையில் தாமதம் கூடுவதற்கு மாணவர்கள் பலர் கவனிக்காத ஒரு காரணம் உண்டு. மடிக்கணினியும் தட்டைக்கணினியும் ஒரே மேசையில் ஒரு சாண் இடைவெளியில் இருக்கலாம். ஆனால் படம் நேராகப் போவதில்லை. கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. ஒரே தகவல் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. அதே ரவுட்டரில் தம்பி கேம் விளையாடினால் அவனோடும் வரிசையில் நிற்க வேண்டும். மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்தால் ஒரு பயணம் மிச்சம். 2.4 ஜிகாஹெர்ட்சை விட்டு 5 ஜிகாஹெர்ட்சுக்கு மாறினால் நெரிசலும் பெரும்பாலும் குறையும். எல்லாவற்றையும்விட, செயலி இடம் கொடுத்தால், யூ.எஸ்.பி. கேபிள்தான் சிறந்தது என்பது என் கருத்து.

நீங்களே அளந்து பாருங்கள்

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கைப்பேசி இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம்.

தட்டைக்கணினியை இணைத்து, இரு திரைகளிலும் ஒரே படம் வருமாறு 'நகல்' முறையில் வையுங்கள். விண்டோசில் விண்டோஸ் விசையையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அந்தத் தேர்வு வரும். மில்லிவிநாடி வரை காட்டும் நிறுத்துக் கடிகாரப் பக்கம் ஒன்றைத் திறந்து ஓடவிடுங்கள். இரு திரைகளையும் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியால் ஒரே படத்தில் பிடியுங்கள். மடிக்கணினியில் 12.480, தட்டைக்கணினியில் 12.396 என்று இருந்தால் தாமதம் 84 மில்லிவிநாடி. அறை வெளிச்சமாக இருந்தால் படத்தில் எண்கள் கலங்காமல் விழும்.

ஒரே படத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். திரையே 16.7 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படுவதால் உங்கள் அளவும் அந்த அளவுக்குத் தாவும். பத்துப் படம் எடுத்துச் சராசரி காணுங்கள்.

பிறகு, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை எழுதி எழுதிச் சலித்த அந்த மூன்று மாறிகளை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். தற்சார்பு மாறி இணைப்பு முறை: கேபிள், 5 ஜிகாஹெர்ட்ஸ், 2.4 ஜிகாஹெர்ட்ஸ். சார்பு மாறி தாமதம். கட்டுப்படுத்தப்பட்ட மாறி அதே செயலி, அதே தெளிவு, ரவுட்டரிலிருந்து அதே தூரம். முடிந்தால் 2.4 ஜிகாஹெர்ட்சில் இருக்கும்போது சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு குவளைத் தண்ணீரைச் சூடாக்கி, அந்த நேரத்திலும் அளந்து பாருங்கள். அந்த அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுப்பை வெறுமையாக ஓடவிடக் கூடாது.

தாமதம் அதிகமாக இருந்தால் செயலியின் அமைப்பில் தெளிவை ஒரு படி குறையுங்கள். 1920-க்கு 1080 என்பதை 1280-க்கு 720 ஆக்கினால் புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். சிறிய தட்டைக்கணினியில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

எந்தச் செயலி என்று கேட்பீர்கள். ஐபேட், மேக் இரண்டும் ஓரளவு புதியவை, இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு என்றால் சைட்காரே போதும். 10 மீட்டர் தூரம் வரை கேபிள் இல்லாமல் இயங்கும். சாம்சங் 'டேப் எஸ்7' போன்றவற்றில் 'இரண்டாவது திரை' என்ற வசதி ஏற்கெனவே இருக்கிறது. விண்டோசில் விண்டோஸ் விசையோடு 'கே' எழுத்தை அழுத்தித் தேடினால் அது அகப்படும். மற்ற ஆண்டிராய்டு தட்டைக்கணினிகளுக்கு 'ஸ்பேஸ்டெஸ்க்' என்ற செயலியை வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசமாகவே பெறலாம். புதிய செயலிகளை ஏற்காத அளவுக்குப் பழையதாக இருந்தால், உலாவி வழியாகவே படத்தைக் காட்டும் வழியும் அதில் உண்டு.

நிறுவுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். இந்தச் செயலிகளுக்குத் திரையைப் பார்க்கும் அனுமதியைக் கொடுக்கிறீர்கள். திரையில் வரும் கடவுச்சொல், குடும்பப் படங்கள், வங்கிப் பக்கம் எல்லாம் அதன் கண்ணில் படும். பெயர் தெரியாத செயலியை இணையத்தில் எங்கிருந்தோ இறக்காமல், தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தோ அதிகாரபூர்வக் கடையிலிருந்தோ மட்டும் எடுங்கள். அப்பாவின் அலுவலகக் கணினி என்றால் அவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வேலையைப் பிரிப்பதிலும் சாமர்த்தியம் வேண்டும். அசையாதவை, படிக்க மட்டும் வேண்டியவை தட்டைக்கணினிக்குப் போகட்டும்: குறிப்பு, சூத்திரப் பட்டியல், தனிம அட்டவணை, கடந்த ஆண்டு எஸ்.பி.எம். வினாத்தாள். கை வேலை செய்யும் சாளரம் மடிக்கணினியிலேயே இருக்கட்டும். இப்படிப் பிரித்தால் 100 மில்லிவிநாடித் தாமதம் இருந்தாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கேம் விளையாட இது ஏற்றதல்ல. சோதித்துப் பார்க்காமலா இருக்கப்போகிறீர்கள்! பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கடைசியாக, இழுப்பறையிலிருந்து எடுத்ததும் அவசரமாக மின்னூட்டம் ஏற்றாதீர்கள். தட்டைக்கணினியைச் சமமான மேசையில் படுக்க வையுங்கள். நடுப்பகுதி உப்பி ஆடினாலோ, திரை ஓரத்தில் எழும்பி இடைவெளி தெரிந்தாலோ உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலம் வீங்கியிருக்கிறது. அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, மின்னூட்டம் ஏற்றவும் கூடாது. வீட்டுக் குப்பையோடும் போடக் கூடாது. பெரியவர் ஒருவரிடம் சொல்லி மின்கழிவு சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். மேசையில் ஆடாமல் தட்டையாகப் படுத்திருந்தால், இன்று மாலையே கேபிளைத் தேடலாம்.